கண் படாத குதிரை

மழைக்காலம் வந்தால் புனேயில் இரண்டு கூட்டம் கூடும். ஒன்று ரேஸ் கோர்ஸில். இன்னொன்று, அங்கிருந்து முப்பது கிலோமீட்டர் தள்ளி, தேஹு ரோடில், திருஷ்டி சாமியின் வீட்டு வாசலில். முதல் கூட்டம் குதிரையைப் பார்த்துப் பணம் கட்டும். இரண்டாவது கூட்டம் பார்க்காமலேயே கட்டும். பார்க்கக் கூடாது என்பதுதான் அங்கே சித்தாந்தம்.

சனி, ஞாயிறுகளில் ஸ்டேஷன் வாசலில் நின்றால் போதும். ஷேர் ஆட்டோக்காரர்கள் "நஜர் பாபா, நஜர் பாபா" என்று திருஷ்டி சாமியின் இந்திப் பெயரைக் கூவி ஏற்றிக்கொள்வார்கள். சாகணில் காருக்கு போல்ட் முடுக்கும் இன்ஜினியர், ஹடப்சரில் கம்ப்யூட்டர் தட்டும் பையன், டிப்போவில் சாமான் கணக்குப் பார்க்கும் பெரியவர் எல்லாரும் முழங்கால் இடிக்க ஒரே ஆட்டோவில் வருவார்கள். ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு துறையில் நல்ல அறிவு. வாரக் கடைசியில் எல்லாத் துறைக்கும் விடுமுறை.

சாமியின் போதனை எளிமையானது.

"ஃபேவரிட் குதிரை என்றால் என்ன? ஊரே பார்க்கிற குதிரை. ஊர்க் கண் பட்டால் குழந்தைக்குக் காய்ச்சல் வருகிறது. புது வீட்டில் சுவர் விரிகிறது. பாவம், வாயில்லாப் பிராணி மட்டும் தப்புமா? கால் இடறும். கடைசிக் குதிரையை யாராவது பார்க்கிறார்களா? திருஷ்டியே இல்லாத உடம்பு அது. காற்றாய்ப் பறக்கும்!"

சுவர் விரிந்ததற்கு சிமெண்டும் காரணமாக இருக்கலாம் என்று யாரும் சொல்லவில்லை. சாமி சன்னிதியில் சிமெண்டைப் பற்றிப் பேசுவது மரியாதையா?

பணத்தைச் சொந்தக் கையால் கட்டக் கூடாது. சொந்தக் கண் எல்லாக் கண்ணையும்விடப் பொல்லாதது. அதனால் சாமியின் மஞ்சள் பையில் போட்டுவிட வேண்டும். சீடர் ராகவேந்திரா அதை ஸ்கூட்டரில் ரேஸ் கோர்ஸுக்குக் கொண்டுபோய்க் கட்டிவிட்டு வருவார். டிக்கெட்டையும் யாரும் பார்க்கக் கூடாது. ரேஸ் முடிந்ததும் மிளகாய், உப்பு, கற்பூரத்தோடு டிக்கெட்டுகளை ஒரு துணியில் முடிந்து சாமி எரிப்பார். சாம்பல் நெற்றிக்கு.

இதையெல்லாம் படித்தவர்கள் எப்படி நம்பினார்கள் என்று கேட்காதீர்கள். சாமியின் வாக்கு உண்மையிலேயே பலித்தது. ஃபேவரிட் குதிரை பத்து ரேஸ் ஓடினால் மூன்றோ நாலோதான் ஜெயிக்கும். மற்றதில் தோற்கும். இது ரேஸுக்குப் போகிற எல்லாருக்கும் தெரிந்த சங்கதி. ரேஸுக்குப் போகாதவர்களுக்கு மட்டும் அது அருள்வாக்கு. ஃபேவரிட் தோற்கும்போதெல்லாம் வாசலில் சங்கு ஊதுவார்கள், கட்டிப்பிடித்துக்கொள்வார்கள். அவர்கள் பணம் கட்டிய குதிரை என்ன ஆயிற்று? அது வழக்கம்போல் கடைசியில் வந்திருக்கும். அதை யார் பார்த்தார்கள்? கண் படக் கூடாதே!

இந்தக் கூட்டத்தில் முன்வரிசைக்காரர் பாலசுப்ரமணியன். டிப்போவில் ஸ்டோர்ஸ் பிரிவு. ஆபீஸில் ஒரு நட்டு குறைந்தால் மூன்று பேரிடம் கையெழுத்துக் கேட்பார். சாமியிடம் இரண்டு சீசனாகப் பணம் கொடுத்துக்கொண்டிருந்தார், ஒரு துண்டுச் சீட்டுக்கூடக் கேட்டதில்லை.

அவர் அடுத்த மார்ச்சில் ரிடையர் ஆக வேண்டும். குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டும். ஹடப்சரில் ஒரு ஃப்ளாட் பார்த்துவைத்திருந்தாள் அவர் மனைவி விசாலம். கூட்டுறவு வங்கியில் கேஷியர் அவள். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து ஜன்னலில்லாத அடுப்படியில் வெந்துகொண்டிருந்தவள். புது ஃப்ளாட்டின் அடுப்படியில் இரண்டு ஜன்னல். அதைப் பார்த்த அன்று அங்கேயே கால் மணி நேரம் நின்றுவிட்டாள். புக்கிங் பணம் மூன்று லட்சம், திங்கட்கிழமைக்குள் கட்ட வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை டெர்பி, சீசனிலேயே பெரிய ரேஸ்.

பாலசுப்ரமணியன் மனக்கணக்குப் போட்டார். டெர்பியின் கடைசிக் குதிரைக்கு ஒன்றுக்கு ஐம்பது. மூன்று லட்சம் ஒன்றரைக் கோடி ஆகும். அடுப்படிக்கு ஜன்னல் என்ன, வீட்டுக்கே நாலு பக்கமும் தோட்டம் வைக்கலாம். ஒரே ஒரு தடங்கல். அக்கவுண்ட் இருவர் பேரிலும் இருந்தது. தயங்கித் தயங்கி விஷயத்தைச் சொன்னார்.

"ஏன்னா, சாமி சொன்னது எத்தனை தடவை பலிச்சிருக்கு?" என்று கேட்டாள் விசாலம்.

"பத்துக்கு ஏழு! ஹடப்சர்லேர்ந்து ஜெயந்த்னு ஒரு பையன் வரான், ஐ.டி. கிராஃபே போட்டு வெச்சிருக்கான்."

"அந்த ஏழு தடவையும் பணம் வந்துதா?"

"ஃபேவரிட் தோத்துடுத்துடி!"

"நம்ம குதிரை?"

"அதைப் பாக்கப்படாது. தோஷம்."

விசாலத்துக்குக் கோபம் வந்தது. கூடவே, இவ்வளவு நல்ல மனுஷன் இப்படி இருக்கிறாரே என்று பாவமாகவும் இருந்தது. சண்டை போட்டால் அவர் சாமியிடம்தான் போய் அழுவார் என்று தெரியும்.

"சரி, கையெழுத்துப் போடறேன். ஆனா பணத்தை நானே வந்து என் கையால குடுப்பேன்."

பாலசுப்ரமணியனுக்குக் கண் கலங்கிவிட்டது. கடைசியில் இவளுக்கும் பக்தி வந்துவிட்டதே!

சனிக்கிழமை மதியம் இருவரும் போனார்கள். அன்றைய பெரிய ரேஸில் 'கோல்டன் ஆர்டர்' ஃபேவரிட். சாமி தேர்ந்தெடுத்த கடைசிக் குதிரைக்கு 'லேட் அரைவல்' என்று பெயர். பெயர் வைத்தவருக்கு வாக்கு சுத்தம் இருந்திருக்க வேண்டும்.

"நாளைக்கு டெர்பிக்கு மூணு லட்சம் கொண்டுவந்திருக்கேன், சாமி" என்று விசாலம் கைப்பையைத் தட்டிக் காட்டினாள். சாமியின் கண் அந்தப் பை மேல் விழுந்தது, எடுக்கவே இல்லை. சாமி கண்ணுக்குத் திருஷ்டி கிடையாது போலிருக்கிறது.

"அதுக்கு முன்னாடி ஒரு சின்ன வேண்டுதல். இன்னிக்கு ஐந்நூறு ரூபா ஃபேவரிட் மேல கட்டணும். டிக்கெட்டைக் கொண்டுவந்து என் கையில குடுக்கணும்."

"தோற்கப் போகிற குதிரை அம்மா அது!"

"தோக்கட்டுமே. ஊர்க் கண்ணோட என் கண்ணும் சேரட்டும். நம்ம குதிரைக்கு நல்லதுதானே?"

கூட்டம் "வாஹ்!" என்றது.

"டிக்கெட்டைப் பார்க்கக் கூடாது..." என்று இழுத்தார் சாமி.

"பாக்கப்படாதது நம்ம குதிரை டிக்கெட். இது ஃபேவரிட் டிக்கெட். பாக்கப் பாக்க அதுக்குத்தானே தோஷம்?"

"ஆன்ட்டி, லாஜிக் கரெக்ட்!" என்றான் ஜெயந்த். "சாமி, இது... என்ன சொல்றது... டபுள் பெனிஃபிட்!"

சாமி மூன்று லட்சத்தை நினைத்தார். ஒரே ஒரு நாள், ஒரே ஒரு டிக்கெட். வாங்கிவிட்டால் போயிற்று. சீடரைக் கூப்பிட்டுக் காதில் ஏதோ சொன்னார்.

"இவரும் கூடப் போகட்டும்" என்றாள் விசாலம். "மழையில பையைப் பிடிச்சுக்க ஒரு ஆள் வேணாமா?"

சாமி மறுக்க ஒரு காரணம் தேடினார். அதற்குள் பாலசுப்ரமணியன் மஞ்சள் பையை மடியில் வைத்துக்கொண்டு ஸ்கூட்டரின் பின்னால் ஏறிவிட்டார். ஊர்ப் பணத்தைச் சுமக்கும் பாக்கியம் யாருக்குக் கிடைக்கும்?

வழியில் நிகடி வந்தது. ராகவேந்திரா, காரமான பயறுக் குழம்பு விற்கும் ஒரு மிஸல் கடை வாசலில் வண்டியை நிறுத்தினார். நிறுத்தினார் என்பதைவிட வண்டி தானாக நின்றது என்று சொல்லலாம், அவ்வளவு பழக்கம். கடைக்காரர் உள்ளேயிருந்து "யா, யா! நேஹமீச்ச கா?" என்று கூவினார். வழக்கமானதுதானே என்று அர்த்தம். கேட்கும்போதே ஒரு தட்டு மிஸலும் பாவ் ரொட்டியும் மேஜைக்கு வந்துவிட்டன.

பாலசுப்ரமணியனும் உட்கார்ந்தார். நேரமாகிக்கொண்டிருந்தது. சீடர் பாவைப் பிய்த்தார், வைத்தார், மறுபடி பிய்த்தார். கடைசியில் கேட்டார்:

"ஸார், இந்த ரேஸ் கோர்ஸுக்கு எந்தப் பக்கமா போகணும்?"

பாலசுப்ரமணியன் சிரித்தார். பிறகு சீடரின் முகத்தைப் பார்த்தார். சிரிப்பு நின்றது.

"ரெண்டு சீசனா போயிண்டிருக்கேளே!"

"இதுவரைக்கும்தான் ஸார் போவேன்."

"இதுவரைக்கும்னா?"

"இந்தக் கடை வரைக்கும். ரேஸ் முடியற வரைக்கும் இங்கயே உக்காந்திருப்பேன். அப்புறம் பையைக் கொண்டுபோய் சாமிகிட்ட குடுத்துருவேன். இன்னிக்கு ஃபேவரிட் டிக்கெட் ஒண்ணு நிஜமா வாங்கணும்னுட்டாரு. எனக்கு வழி தெரியல."

"அப்போ எரிக்கற டிக்கெட்டெல்லாம்?"

ராகவேந்திரா கண்ணால் காட்டினார். கடை மூலையில் வடாபாவ் சுற்றித் தருவதற்காகப் பழைய பேப்பர் கட்டு அடுக்கியிருந்தது. பாலசுப்ரமணியனின் கை தானாக நெற்றிக்குப் போயிற்று.

"என்னிக்காவது அந்தக் கடைசிக் குதிரை ஜெயிச்சுதுன்னா என்ன பண்ணுவேள்?"

"அது ஜெயிக்காது ஸார். அதனாலதான் அதைச் சொல்றாரு. ஃபேவரிட்டைச் சொன்னா வாரத்துக்கு ஒண்ணு ரெண்டு ஜெயிச்சிருமே, எல்லாருக்கும் பணத்தைத் திருப்பிக் குடுக்க வேண்டியிருக்கும்ல?"

எவ்வளவு நேர்மையான விளக்கம்! இரண்டு சீசனாகக் கேட்ட போதனைகளில் இது ஒன்றுதான் பாலசுப்ரமணியனுக்கு முழுசாகப் புரிந்தது. அவமானமாக இருந்தது. அப்போதுதான் அந்த இரண்டு ஜன்னலும் நினைவுக்கு வந்தன. நாளைக்கு இந்நேரம் அந்த ஜன்னல்களும் இதே பையில் வந்து இதே மேஜை மேல் உட்கார்ந்திருக்கும்.

"வண்டியைத் திருப்புங்கோ" என்றார்.

திரும்பி வந்து, வாசலிலேயே பையைத் தலைகீழாகக் கவிழ்த்தார். நோட்டுகள் கொட்டின. நடந்ததைச் சொன்னார். சீடர் மறுக்கவில்லை. மிஸல் சாப்பிட்ட வாயைத் துடைத்துக்கொண்டு தலை குனிந்துகொண்டார்.

அவரவர் கொடுத்ததை அவரவர் எடுத்துக்கொண்டார்கள். நாலு பேர் சாமியின் வழியை மறித்து நின்றார்கள். சாமி, சீடனை மாயை பிடித்துவிட்டது என்றார். மிஸலிலும் மாயை உண்டு என்றார்.

அந்த நேரம் பார்த்து ஜெயந்தின் ஃபோனில் ரேஸ் தொடங்கியது. பழக்கதோஷம், எல்லாரும் ஓடிப்போய்ச் சூழ்ந்துகொண்டு ஃபேவரிட்டை மட்டும் பார்த்தார்கள். கோல்டன் ஆர்டர் முதலில் பாய்ந்தது. கடைசி வளைவுவரை முன்னால்தான் இருந்தது. அப்புறம் கால் தளர்ந்து, வேறொரு குதிரைக்கு வழிவிட்டு, இரண்டாவதாக வந்தது.

"தோத்துடுத்து! ஃபேவரிட் தோத்துடுத்து!"

யாரோ கை தட்டினார்கள். யாரோ சங்கையே எடுத்து ஊதிவிட்டார்கள். சாமியின் முதுகு நிமிர்ந்தது.

"பார்த்தீர்களா? சீடன் தவறு செய்திருக்கலாம். வாக்கு பொய்த்ததா?"

கூட்டம் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தது. சொன்னபடி நடந்துவிட்டதே! இப்போதுதான் பையிலிருந்து பொறுக்கிய நோட்டு கையில் இருந்தது. ஒரு கை மெதுவாக மஞ்சள் பைப் பக்கம் நீண்டது. பின்னாலேயே இன்னொன்று. பாலசுப்ரமணியனின் கைகூடக் கைதட்டப் பாதி தூரம் உயர்ந்துவிட்டது. உயர்ந்த கையால் ஜெயந்தின் தோளைப் பிடித்தார்.

"அந்த ரேஸை மறுபடி போடு. நம்ம குதிரையைக் காட்டு."

"அங்கிள், அதைப் பாக்கக் கூடாது..."

"போடுடா!"

போட்டான். ஜெயித்த குதிரை கோட்டைத் தாண்டியது. ஃபேவரிட் தாண்டியது. மற்றவை கும்பலாகத் தாண்டின. அப்புறம் வெறும் புல்லும் மழையும்தான் தெரிந்தது. எல்லாரும் கழுத்தை நீட்டினார்கள். இரண்டு சீசனில் முதன்முறையாகத் தங்கள் குதிரையைப் பார்க்க ஒரு கூட்டம் காத்திருந்தது. வெகு தூரத்தில் லேட் அரைவல் வந்தது. அவசரமில்லாமல், அக்கம்பக்கம் வேடிக்கை பார்த்துக்கொண்டு வந்தது.

"இன்னும் வந்துண்டிருக்கு" என்றாள் விசாலம்.

சாமி சட்டென்று கையை உயர்த்தினார். "பார்த்தீர்கள் அல்லவா! பார்க்காதே என்று எத்தனை தடவை சொன்னேன்? இத்தனை பேர் கண்ணும் ஒரேயடியாகப் பட்டால் பாவம் அது எப்படி ஓடும்?"

கூட்டத்தில் இரண்டொருவர் பயந்துபோய்க் கண்ணை மூடிக்கொண்டார்கள்.

"சாமி" என்றார் பாலசுப்ரமணியன், "இது ரீப்ளே. அது கடைசியா வந்து முடிச்சப்புறம்தான் நாங்க பாத்தோம்."

முதலில் சிரித்தது ஜெயந்த். பிறகு மூடிய கண்கள் திறந்தன. சிரிப்பு வாசல் தாண்டி ஆட்டோ ஸ்டாண்ட்வரை போயிற்று. நீண்ட கைகள் நோட்டோடு அவரவர் பைக்குள் திரும்பின. பழைய சீசன் பணத்துக்கு வழி சொல்லச் சொல்லி சாமியை நாலு பேர் போலீஸ் சவுக்கிக்கு அழைத்துக்கொண்டு போனார்கள்.

திங்கட்கிழமை புக்கிங் பணம் பில்டரிடம் போய்ச் சேர்ந்தது. பாலசுப்ரமணியன் ரசீதை இரண்டு தடவை படித்துப் பார்த்து வாங்கிக்கொண்டார். சாமி இப்போது வேறு ஊரில், ஷேர் மார்க்கெட்டில் யார் கண்ணும் படாத பங்குகளைச் சொல்லிக்கொண்டிருக்கிறாராம். அங்கேயும் கூட்டமாம், படித்தவர்கள்தானாம். அவர்களில் யாராவது இதைப் படிக்க நேர்ந்தால் ஒரே ஒரு வேண்டுகோள்: எதையாவது பார்க்காதே என்று ஒருவன் சொன்னால், பணத்தை எடுப்பதற்கு முன்னால் அதைத்தான் முதலில் பாருங்கள்.