கடைசி மூலையில குளவி

"என் உடம்புல உயிர் இருக்கிற வரைக்கும் இந்தக் கடைக்குள்ள சாஃப்ட்வேர் நுழையாது!"

இப்படி ஒரு சபதத்தப் போட்டாரு நம்ம முதலாளி. போட்ட இடம் சாப்பாட்டு மேஜை. கையில இருந்தது பாதி உரிச்ச ஆரஞ்சு. சபதம் போட்ட வேகத்துல அதை ஒரு அமுக்கு அமுக்கிட்டாரு. சாறு பீச்சிக்கிட்டு நேரா கண்ணுல அடிச்சது. வீரமா ஆரம்பிச்ச மனுஷன் அழுதுக்கிட்டே முடிச்சாரு.

"அழாதீங்க. சாஃப்ட்வேர் கடிக்காது"ன்னாங்க வீட்டம்மா.

முதலாளின்னதும் பெருசா நெனச்சுக்காதீங்க. குழாய், வால்வு, வாஷர் விக்கிற கடை. முன்னாடி கவுண்டரு, பின்னாடி நீளமா ஒரு குடோனு. அவரை முதலாளின்னு சொல்றது ரெண்டே பேரு. ஒண்ணு கடை போர்டு, இன்னொண்ணு அவரே. வர்றவங்க அவர்கிட்ட, "முக்கா இன்ச்சு வால்வு இருக்கா?"ன்னு கேப்பாங்க. அவரு லேப்டாப்ப முறைச்சுப் பாத்துட்டு, "இருக்கு"ம்பாரு. கேட்டவரு மரியாதையா தலைய ஆட்டிட்டு, அப்படியே நடந்து போயி, கவுண்டர்ல வீட்டம்மாகிட்ட மறுபடியும் அதையே கேப்பாரு.

"பாத்தியா, சந்தோஷத்துல நம்பவே முடியல அவனுக்கு"ன்னு பூரிச்சுப் போவாரு முதலாளி.

அந்த லேப்டாப்புக்குள்ளதான் இருந்துச்சு அவரு உசுரு. எக்செல் ஷீட்டு! கடையில இருக்கிற ஒவ்வொரு சாமானுக்கும் ஒரு வரி. ஒவ்வொரு வரிக்கும் ஒரு கலரு. பச்சைன்னா நெறைய இருக்கு. மஞ்சள்னா கொஞ்சம் இருக்கு. சிவப்புன்னா தீந்துருச்சு. ஊதான்னா என்னன்னு அவருக்கே மறந்துபோச்சு. பாக்க லட்சணமா இருக்கேன்னு விட்டு வெச்சிருந்தாரு. அழிஞ்சுடுமோன்னு பயந்து பயந்து காப்பி எடுத்து வேற வெப்பாரு. 'சரக்கு', 'சரக்கு ஃபைனல்', 'சரக்கு புது ஃபைனல்', 'இதான் ஃபைனல்', 'சத்தியமா ஃபைனல்'. இதுல எது ஃபைனல்னு கண்டுபிடிக்க இன்னொரு ஷீட்டு வெச்சிருந்தாரு.

கண்ணத் தொடச்சிக்கிட்டு, "இப்ப எதுக்குத் திடீர்னு சாஃப்ட்வேரு?"ன்னாரு.

"நம்ம பொண்ணுக்கு மாசம் நெருங்குது. பிரசவத்துக்கு நான் போயி கூட இருக்க வேணாமா? நான் இல்லாதப்ப கடைய யாரு பாப்பா?"

"நான் பாப்பேன்."

"அதனாலதாங்க சாஃப்ட்வேர் வேணுங்கறேன்."

"ஏன், என் ஷீட்டுக்கு என்ன கொறைச்சல்?"

"நீங்க தொறந்து வெச்சா நான் தொறக்க முடியல. ஒரு வாஷர் இருக்கான்னு சொல்ல, நீங்க கக்கூஸ்ல இருந்து வர்ற வரைக்கும் ஆளை நிக்க வெக்கணுமா?"

"அது பாதுகாப்புடி!"

"சாஃப்ட்வேர்னா விக்க விக்க அதுவே கழிச்சுக்கும். தீரப் போகுதுன்னா முன்கூட்டியே சொல்லும்."

"என் ஷீட்டும்தான் சொல்லும்."

"எப்ப சொல்லும்?"

"நான் கேட்டா சொல்லும்."

"நீங்க எப்பக் கேப்பீங்க?"

"தீந்து போனப்புறம்."

சொன்னதுக்கு அப்புறம்தான் என்ன சொன்னோம்னு அவருக்கே உறைச்சது. சட்டுன்னு பாதைய மாத்துனாரு. "நெட்டு போச்சுன்னா உன் சாஃப்ட்வேரு படுத்துக்கும். மாசாமாசம் தீனி வேற போடணும். எக்செல்லு பாவம், ஒண்ணும் கேக்காது. போட்ட எடத்துல அதுபாட்டுக்குக் கெடக்கும்."

"ஆமா. உங்கள மாதிரியே."

இதுக்கு மேல பேசினா மானம் மிஞ்சாதுன்னு அவரு ஆரஞ்சுச் சுளைய வாயில போட்டாரு. அப்பதான் வீட்டம்மா அந்தக் குண்டப் போட்டாங்க.

"நாளைக்குக் காலையில சாஃப்ட்வேர் பொண்ணு வருது. மொதல்ல இருக்கிற சரக்கையெல்லாம் எண்ணணுமாம். குடோன்ல ஒரு மூலை பாக்கி இல்லாம."

சுளை தொண்டையில நின்னுபோச்சு.

ஏன்னு கேக்கறீங்களா? அந்தக் கடைசி மூலையிலதான் இருந்துச்சு அவரு குட்டு.

முன்ன ஒரு தடவ இந்த மனுஷன் யாரையும் கேக்காம ஒரு லாட்டு கண்ணாடி வாங்கிட்டு வந்துட்டாரு. பாத்ரூம் கண்ணாடி. அதுல யாரு மூஞ்சியப் பாத்தாலும் பல்லு வலிக்காரன் மாதிரி ஒரு கன்னம் உப்பித் தெரியும். ஒருத்தரும் வாங்கல. அன்னைக்கு வீட்டம்மா அந்தக் கண்ணாடி முன்னாடியே அவரை நிக்க வெச்சு, "இனிமே உன்னக் கேக்காம ஒரு வாஷர் கூட வாங்க மாட்டேன்"னு சத்தியம் வாங்குனாங்க. அதுக்கப்புறமும் சும்மா இருந்தாரா? ஒருத்தன், "சார், தானா நிக்கிற குழாய். மேல அமுக்குனா தண்ணி வரும், கொஞ்ச நேரத்துல அதுவே நின்னுடும். சல்லிசா தர்றேன்"னான். வாங்கிட்டாரு. ஒரு லாரி நெறைய.

நிக்கத்தான் செஞ்சது. என்ன, கொஞ்சம் அவசரமா நின்னது. அமுக்குன கைய எடுத்து அடியில நீட்டறதுக்குள்ள தண்ணி நின்னுடும். ஒரு கையால அமுக்கிக்கிட்டே இருந்தா இன்னொரு கை கழுவலாம். அப்புறம் இந்தக் கைய யாரு கழுவுறது? அதுக்குப் பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிடணும்.

ராவோட ராவா, எல்லாத்தையும் குடோன் கடைசி மூலையில அடுக்கிட்டு, "அங்க குளவி கூடு கட்டியிருக்கு. யாரும் போகாதீங்க"ன்னு ஒரு அட்டை எழுதித் தொங்கவிட்டாரு. எழுத்து மட்டும் போதாதுன்னு குளவி படம் வேற போட்டாரு. அது பாக்க மீசை வெச்ச கத்திரிக்கா மாதிரி இருந்துச்சு. அட்டை தொங்குது, வருஷம் ஓடிப்போச்சு. இவரும் அந்தப் பக்கம் எட்டிப் பாக்கல. இப்ப எண்ணப் போறாங்களாம்!

விடிஞ்சதும் ஓடுனாரு பக்கத்துக் கடைக்கு. பெயிண்ட் கடைக்காரரு அவருக்கு ஆலோசகரு. ரெண்டு பேருக்கும் ஒரே வியாதி, வேற வேற வீடு.

"குளவின்னு சொன்னீங்க சரி. குளவி சத்தம் போட வேணாமா?"ன்னாரு பெயிண்ட்காரரு.

"நானா கத்த முடியும்?"

"போன் எதுக்கு இருக்கு? எல்லா சத்தமும் அதுல கெடைக்கும். என் பையன் மழைச் சத்தம் போட்டுக்கிட்டுத்தான் தூங்குறான். நீங்க குளவியப் போட்டு, போனைக் கொண்டுபோயி மூலையில ஒளிச்சு வைங்க. கிட்ட வர்றவ தலைதெறிக்க ஓடிடுவா."

முதலாளிக்குக் கண்ணுல தண்ணியே வந்துருச்சு. இந்தத் தடவ ஆரஞ்சு இல்லாமலே. ஓடிப்போயி போனை மூலையில ஒளிச்சு வெச்சாரு.

சாஃப்ட்வேர் பொண்ணு வந்துச்சு. தோள்ல பை, கையில துப்பாக்கி மாதிரி ஒரு சாமான். "வணக்கம் சார்"னு இவருக்கு ஒரு கும்பிடு. "அக்கா, கால்வலி எப்படி இருக்கு?"ன்னு வீட்டம்மாவுக்கு ஒரு விசாரிப்பு. நேரா குடோனுக்குள்ள போச்சு. அலமாரிக்குப் பின்னாடி கைய விட்டு ஃபேன் சுவிட்சப் போட்டுச்சு. கடை கட்டுன நாள்ல இருந்து அந்த சுவிட்ச முதலாளி தடவித் தடவித்தான் கண்டுபிடிப்பாரு. பொண்ணு கெட்டிக்காரின்னு நெனச்சாரே ஒழிய, வேற ஒண்ணும் தோணல. மூளை மூலையில இருந்துச்சு.

ஒவ்வொரு பெட்டி மேலயும் கோடு கோடா ஒரு சின்ன ஸ்டிக்கர் இருந்துச்சு. பொண்ணு துப்பாக்கிய நீட்டி டிக்குன்னு ஒரு அமுக்கு. கையில இருக்கிற போன்ல பெட்டிக்குள்ள என்ன, எத்தனைன்னு வந்து விழுந்துச்சு.

"இதென்ன பிரமாதம்? ஸ்டிக்கர் கம்பெனிக்காரன் ஒட்டி அனுப்புனது"ன்னாரு முதலாளி.

பொண்ணு வீட்டம்மாவப் பாத்துச்சு. வீட்டம்மா விட்டத்தப் பாத்தாங்க.

டிக், டிக்குன்னு அலமாரி அலமாரியா முன்னேறுது. முதலாளிக்கு ஒவ்வொரு டிக்கும் நெஞ்சுல கேக்குது. கடைசி அலமாரி முடிஞ்சது. மூலை வந்துருச்சு. இவரு ஓடிப்போயி ரெண்டு கையையும் விரிச்சுக்கிட்டு பஸ்ஸ மறிக்கிறவன் மாதிரி நின்னாரு.

"வேணாம்மா! குளவி! பொல்லாத குளவி!"

சொல்லி வெச்ச மாதிரி மூலையில இருந்து 'ங்கொய்ய்ய்'னு சத்தம். முதலாளி மூஞ்சியில அப்படி ஒரு தெளிவு.

"கேட்டீங்களா? ஒரு படையே இருக்கு!"

"ஆமாங்க, நெறைய இருக்கும் போல"ன்னாங்க வீட்டம்மா.

'ங்கொய்ய்ய்ய்...'

சத்தம் சட்டுன்னு நின்னுச்சு. அடுத்து, கணீர்னு ஒரு ஆம்பள குரல்:

"மூட்டுவலியா? முழங்கால் வலியா? இனி கவலை வேண்டாம்! தேய்த்தவுடன் துள்ளி ஓடலாம்!"

குரல் தைலத்தோட மகிமையச் சொல்லி முடிச்சது. மறுபடியும் 'ங்கொய்ய்ய்'.

"ஏங்க, குளவி தைலம் விக்குதுங்க"ன்னாங்க வீட்டம்மா.

"அது... படிச்ச குளவி..."

"நகருங்க."

நகந்தாரு. வேற என்ன பண்றது? கண்ணாடி லாட்டுக்கே வீட்டம்மா ஒரு மாசம் மூஞ்சி குடுத்துப் பேசல. இதுக்கு? மக பிரசவத்துக்குப் போறவங்க திரும்பியே வராம அங்கயே தங்கிட்டா? கண்ண இறுக்க மூடிக்கிட்டாரு.

பெட்டி தொறக்கிற சத்தம் கேட்டுச்சு. திட்டு மட்டும் கேக்கல.

மெதுவா ஒத்தக் கண்ணத் தொறந்தாரு. பெட்டி காலி. பக்கத்துப் பெட்டியும் காலி. பாஞ்சுபோயி ஒவ்வொண்ணா தூக்கிப் பாத்தாரு. பஞ்சு மாதிரி வருது. அத்தனையும் காத்து! ஒரு வருஷமா மனுஷன் காத்துக்குக் காவல் இருந்திருக்காரு.

"குழா... குளவி எங்க?"

"குளவி இருக்குன்னு அட்டை மாட்டுனீங்கள்ல? அன்னைக்கே வெளக்கமாத்த எடுத்துக்கிட்டு அடிக்கப் போனேன். குளவி இல்ல, குழாய்தான் இருந்துச்சு. அடி வேற ஒருத்தருக்கு விழணும்னு தெரிஞ்சது. சரி, மொதல்ல வித்துடுவோம்னு விட்டுட்டேன்."

"வித்தியா? அதை யாருடி வாங்குனா?"

"ஹாஸ்டல் வார்டன். பசங்க குழாயத் தொறந்துவிட்டு, பாட்டுப் பாடி, தொட்டிய காலி பண்ணிட்டுத்தான் வெளிய வர்றானுங்களாம். உங்க குழாய மாட்டுனாரு. இப்ப பாட்டு பல்லவியிலேயே நின்னுபோகுதாம். இன்னும் இருக்கான்னு வாரத்துக்கு ஒருதடவ கேக்கறாரு."

முதலாளி பெட்டி மேலயே உக்காந்துட்டாரு. ஒரு வருஷத்து மூச்சு மொத்தமா வெளிய வந்துச்சு. வயித்துல இருந்த கல்லு கரைஞ்சுது. அட, உடம்பு இவ்ளோ லேசா இருந்து எவ்ளோ நாளாச்சு! மூச்சு வந்ததும் கூடவே திமிரும் வந்துச்சு.

"பாத்தியா என் வியாபார மூளைய? வார்டனுக்குன்னே வாங்குனேன்!"

"ரொம்ப சந்தோஷம். அந்தக் காசுலதான் சாஃப்ட்வேர் வாங்குனேன்."

"வாங்கப் போறியா?"

"வாங்குனேன். போன வருஷமே. ஸ்டிக்கரெல்லாம் நாந்தான் ஒட்டுனேன்."

"நீ எப்பவும் போன்ல சீரியல்தான பாத்துக்கிட்டு இருந்த?"

"சரக்கு பாத்துக்கிட்டு இருந்தேங்க."

"அப்ப என் ஷீட்டு?"

"அது இருக்கட்டும். நீங்க கலரடிச்சுக்கிட்டு சத்தம் போடாம உக்காந்திருந்தீங்க. எனக்கும் வேல ஓடிச்சு."

"அப்ப இந்தப் பொண்ணு எதுக்கு இன்னைக்கு எண்ண வந்துச்சு?"

"எண்ண வரல சார், உங்களுக்குக் கத்துக்குடுக்க வந்தேன். அக்கா ஊருக்குப் போறாங்கள்ல?"ன்னு துப்பாக்கிய அவரு கையில குடுத்துச்சு பொண்ணு.

சொன்னா நம்ப மாட்டீங்க. சபதம் போட்ட மனுஷன் சின்னப்புள்ளையா மாறிட்டாரு. டிக்! வால்வு. டிக்! வாஷர். மறைக்க ஒண்ணும் இல்லேன்னா சாஃப்ட்வேரு எவ்ளோ நல்லதா தெரியுது பாருங்க! கடை முழுக்க டிக்கடிச்சிக்கிட்டே முன்பக்கம் வந்தாரு. ஃபேனுக்கு அடியில அவரு உக்கார்ற நாற்காலி. அதோட முதுகுலயும் ஒரு ஸ்டிக்கரு. இத்தன நாள் அது மேலதான் சாஞ்சிருக்காரு.

டிக்!

போன்ல வந்துச்சு. 'பொருள்: முதலாளி. இடம்: ஃபேனுக்குக் கீழ. வகை: நகராத சரக்கு. விற்பனைக்கு இல்லை.'

மத்ததெல்லாம் அவரு கண்ணுல படவே இல்ல. கடைசி வரி மட்டும்தான் பட்டுச்சு.

"விற்பனைக்கு இல்லையா? என் மேல உனக்கு இவ்ளோ பாசமாடி?"

"மொதல்ல விலைக்குத்தாங்க போட்டிருந்தேன்"ன்னாங்க வீட்டம்மா. "ஒருத்தரும் கேக்கல."