ஷரத்து போய்ப் பார்த்த வேலைகள்

அரசியல் அறிவியல் படித்தவர் என்ன வேலைக்குப் போகலாம் என்ற கேள்விக்கு இந்தத் துணைக்கண்டத்திலேயே முழுமையான பதில் வைத்திருந்தவர் ஷரத்து ஒருவர்தான். எந்த வேலைக்கும் போக முடியாது என்பதை, ஒவ்வொரு வேலையாகப் போய்ப் பார்த்துவிட்டு வந்து சொன்னவர் அவர்.

எழுபதுகளின் பிற்பகுதி. புதுச்சேரியில் ஒரு அரசு அலுவலகத்தில் நான் எழுத்தர். எந்த அலுவலகம் என்று சொல்வதற்கில்லை. வேலை இல்லாதவர்கள் வந்து, தங்களுக்கு வேலை இல்லை என்பதை முறைப்படி பதிவு செய்துகொண்டு, ஒரு அட்டையோடு வீடு திரும்பும் இடம் என்று மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். ஷரத்துவின் உண்மைப் பெயர் அந்த அட்டையில் மட்டும் இருந்தது. டீக்கடையில் பக்கத்து ஆளுக்கு நுரை அதிகமாக விழுந்தால்கூட அரசியல் சட்டத்தின் பதினான்காவது ஷரத்தைச் சொல்லி நியாயம் கேட்கிறவரை வேறு எப்படி அழைப்பது?

எங்கள் அலுவலகச் சுவரில் ஒரு பெரிய அட்டவணை தொங்கும். எந்தப் பட்டத்துக்கு என்ன வேலை என்று அதில் எழுதியிருக்கும். வேதியியலுக்கு நேரே இரண்டு வரி கொள்ளாமல் வேலைகள். அரசியல் அறிவியலுக்கு ஐந்து: வெளியுறவு, சட்டம், பத்திரிகை, ஆசிரியப் பணி, அரசு நிர்வாகம். எழுதியவன் நான்தான். ஐந்தாவதை, கட்டத்தில் கொஞ்சம் இடம் மிச்சமிருந்ததால் சேர்த்தேன். அந்த அட்டவணையை நம்பிய ஒரே மனிதர் ஷரத்து. ஒரு நோட்டில் ஐந்தையும் வரிசை மாறாமல் எழுதிக்கொண்டு போனார்.

முதலில் வெளியுறவு. டில்லி தூரம், பிரெஞ்சுத் தூதரகம் நடக்கிற தூரம் என்பதால் அங்கே போனார். அன்று பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர்கள், நாங்கள் சொல்தா என்று சொல்கிறவர்கள், இன்னும் உயிரோடு இருப்பதாகக் கையெழுத்துப் போட்டுக் காட்டும் நாள். இவர் அந்த வரிசையில் நின்றுவிட்டார். முன்னால் நின்ற கிழவர் திரும்பிப் பார்த்து, “முசியே, நீங்க எந்த ரெஜிமென்ட்டு?” என்று கேட்டிருக்கிறார். ஷரத்து தான் எந்தப் போரிலும் கலந்துகொள்ளாததற்கு வருத்தம் தெரிவித்துவிட்டு, மதியம் வரை பத்துப் பேருக்குப் படிவம் நிரப்பிக் கொடுத்துவிட்டு வந்தார். வெளியுறவு முடிந்தது.

சட்டம் ஆறு வாரம் நடந்தது. ஒரு வக்கீலிடம் குமாஸ்தாவாகச் சேர்ந்தார். வருகிற கட்சிக்காரர்களிடம், அவர்கள் வழக்கு ஏன் நிற்காது என்று வராந்தாவிலேயே பொறுமையாக விளக்கினார். வக்கீல் உள்ளே ஆளுக்காகக் காத்துக்கொண்டிருந்தார். ஆள் வரவில்லை.

பத்திரிகை ஒரே நாள். சட்டமன்றத்துக்கு அனுப்பினார்கள். அன்று உள்ளே மைக் பறந்திருக்கிறது, ஒருவர் வேட்டி கிழிந்திருக்கிறது. ஷரத்து எழுதிக் கொடுத்த நான்கு பக்கமும் அவை கூடுவதற்குத் தேவையான குறைந்தபட்ச உறுப்பினர் எண்ணிக்கையைப் பற்றியது. வேட்டியைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அது விதிகளில் வரவில்லையாம்.

டுட்டோரியலில்தான் கொஞ்சம் காலம் தாக்குப்பிடித்தார். உரிமையாளர் என்னிடமே வந்து புலம்பினார். “சார், வர்ற திங்கக்கிழம பரிச்ச. உங்க ஆளு இன்னும் முகவுரையத் தாண்டலை. கேட்டா, அது தெரியாம மேல போறது ஆபத்துங்குறாரு.”

நடுவில், அட்டவணையில் இல்லாத ஒன்றையும் முயன்றார். நகராட்சித் தேர்தல் வந்ததும் நிற்கப்போவதாக அறிவித்தார். எங்கள் ஊரில் அந்தத் தேர்தல் எத்தனை பத்தாண்டுகள் கழித்து வந்தது என்பது புதுச்சேரிக்காரர்களுக்குத் தெரியும். அதை நம்பியிருந்தால் தாத்தாவாகித்தான் மனுத்தாக்கல் செய்திருப்பார்.

மிச்சம் ஐந்தாவது. அதற்குள் அவருக்கு வயது வரம்பு நெருங்கிவிட்டது. தை பிறந்தால் அரசு வேலைக்குக் கதவு மூடிவிடும். அரியாங்குப்பத்தில் ஒரு பெண் வீட்டார், வேலை உத்தரவைக் கண்ணால் பார்த்த பிறகுதான் தட்டு மாற்றுவோம் என்று சொல்லியிருந்தார்கள்.

அந்தப் புரட்டாசியில் ஓர் அரசு நிறுவனத்தின் உதவியாளர் பணிக்கு நாங்கள் அனுப்பிய பட்டியலில் பதிவு மூப்புப்படி கடைசிப் பெயர் அவருடையது. நேர்முகத்தில் பிடித்த ஷரத்து எது என்று யாரோ தெரியாமல் கேட்டுவிட்டார்கள். முக்கால் மணி நேரம் பேசியிருக்கிறார். சாப்பாட்டு நேரம் தாண்டிப் போய்க்கொண்டிருந்ததால் தேர்வு செய்துவிட்டார்கள் என்று நினைக்கிறேன். தேர்வுப் பட்டியல் ஒட்டப்பட்டது. உத்தரவு தபாலில் வர வேண்டியதுதான் பாக்கி.

அந்த வாரம் வைத்திக்குப்பத்திலிருந்து செல்வி என்ற பெண் வந்தாள். அவள் அம்மா பெரிய மார்க்கெட்டில் மீன் விற்கிறவள். செல்வியும் பி.ஏ. தனக்குப் பின்னால் பதிந்தவர்களுக்கெல்லாம் அழைப்பு வந்திருக்கிறதே, தனக்கு ஏன் வரவில்லை என்று கேட்டாள். அட்டையை ஆகஸ்ட் பதினாறாம் தேதிக்குள் புதுப்பிக்கவில்லை, பதினேழாம் தேதி வந்தாய், பெயர் நீக்கப்பட்டுவிட்டது என்று விளக்கினேன். அவள் தலையாட்டிவிட்டுப் போனாள். வாசல் சிமென்ட் பெஞ்சில் ஷரத்து உட்கார்ந்திருந்தார். கால் மணி நேரம் கழித்து என் மேசைக்கு வந்தார்.

“சார், ஆகஸ்ட் பதினாறு நீங்க எங்க இருந்தீங்க?”

“வீட்லதான். லீவாச்சே.”

“ஆபீஸ் பூட்டியிருந்த அன்னைக்கு அந்தப் பொண்ணு யார்கிட்ட சார் கார்டு புதுப்பிக்கும்?”

நான் சுவரைப் பார்த்தேன். ஊரெல்லாம் ஆகஸ்ட் பதினைந்தோடு சுதந்திரத்தை முடித்துக்கொள்ளும். பிரெஞ்சுக்காரர்கள் சட்டப்படி ஒப்படைத்ததற்காக எங்களுக்கு மறுநாளும் விடுமுறை. ஆனால் என் தலைக்கு மேல் தொங்கியது டில்லியில் அச்சான நாட்காட்டி. அதில் பதினாறு கறுப்பு எழுத்து, வேலை நாள். வீட்டில் படுத்துத் தூங்கிய நாளை வேலை நாளாகக் கணக்கில் வைத்து ஒரு பெண்ணின் பெயரை அடித்திருக்கிறேன். கடைசி நாள் விடுமுறையானால் அடுத்த வேலை நாள் செல்லும் என்ற விதி எனக்கு மனப்பாடம். பயிற்சி வகுப்பில் அதை நடத்துகிறவனே நான்தான்.

ஷரத்து மனு எழுதப்போவதாகச் சொன்னார். நான் குரலைத் தாழ்த்தினேன். “மனு போட்டா லிஸ்ட்டே ரத்தாகும். அவ பேரு உள்ள வந்தா கடைசியில இருக்கற உன் பேரு வெளிய போகும். அடுத்த லிஸ்ட் வர்றதுக்குள்ள தை பொறந்துடும். புரியுதா?”

“புரியுது சார்.”

“ஒரு பத்து நாள் பொறு. ஆர்டர் கைக்கு வந்து சேர்ந்ததும் எழுது.”

“அப்ப நான் அரசாங்க ஊழியன் சார். அரசாங்கத்துக்கு எதிரா மனு எழுதக்கூடாது. நடத்தை விதியில நீங்கதான் காட்டுனீங்க.”

 வாசல் பெஞ்சருகே காத்திருந்த செல்வி, விஷயத்தைக் கேட்டதும் அவரைப் பிடித்துக்கொண்டு, “வேணாண்ணே, எனக்கு அடுத்ததுல வந்துடும். உங்களுக்கு வயசு இல்லியே,” என்றாள். “எனக்கு வயசு இல்லேன்னா நீ விட்டுக் குடுத்துடுவியாம்மா? அது உன் உரிமை. விட்டுக் குடுக்க எனக்கு அதிகாரம் இல்ல,” என்று அவளிடமும் அரை மணி நேரம் வகுப்பெடுத்தார்.

மறுநாள் மனு வந்தது. தபால் பெறும் பொறுப்பும் அப்போது என்னிடமே இருந்ததால், என் தவறு குறித்த புகாரை நானே வாங்கி, முத்திரை குத்தி, ரசீது கொடுத்தேன். மொத்தமே ஒரு பக்கம்தான், படித்ததும் நிமிர்ந்தேன். தவறு நடந்ததற்கு, வேறு ஊருக்காக அச்சான நாட்காட்டியே காரணம் என்று நிறுவியிருந்தார். எந்த ஊழியரின் பெயரும் அதில் இல்லை. “ஆளைப் பத்தி எழுதுனா மனு நீளமாயிடும் சார்,” என்றார். நான்கு பக்கத்துக்குக் குறைந்து எதையும் எழுதாத மனிதர்.

பட்டியல் ரத்தானது. புதிய பட்டியல் போனது. செல்வி வேலையில் சேர்ந்து, மேற்பார்வையாளராக ஓய்வும் பெற்றாள். அடுத்த காலியிடம் வந்தபோது ஷரத்து வயது வரம்பைப் பதினோரு நாளால் தாண்டியிருந்தார். அரியாங்குப்பத்துப் பெண்ணுக்கு மில்லில் வேலை பார்க்கிற மாப்பிள்ளை அமைந்தது. பந்தி விசாரிக்க ஆள் போதாது என்று ஷரத்துவையும் அழைத்திருந்தார்கள். போய்விட்டு வந்தார். பிறகு பல ஆண்டுகள், எங்கள் வாசல் பெஞ்சிலேயே அடுத்தவர்களுக்கு மனு எழுதிக்கொண்டிருந்தார். அவர் எழுதி நிராகரிக்கப்பட்ட மனு ஒன்றையும் நான் பார்த்ததில்லை.

அந்தப் பதினோரு நாளைத் தளர்த்தக் கோரி அப்போதே நான் ஒரு குறிப்பு எழுதி மேலே அனுப்பியிருந்தேன். இரண்டு வாரத்தில் கோப்பு திரும்பி வந்தது. ஓரத்தில் சிவப்பு மையில் அதிகாரி கேட்டிருந்தார்: “எந்த விதியின் கீழ்?”

ஒரு நாள் முழுக்கப் புத்தகங்களைப் புரட்டினேன். பிறகு அதற்குக் கீழே, “அப்படி ஒரு விதியும் இல்லை. மனிதர் நல்லவர்,” என்று எழுதிக் கையெழுத்திட்டு, மறுபடியும் மேலே அனுப்பினேன்.