ஆலத்தூர் நாட்டில் மாண்ட மன்னன்

வாசகப் பெருமக்களே, உங்களைச் சாட்சியாக நிறுத்தியே இதைச் சொல்கிறேன். நீதி எது, அநீதி எது என்பதை நீங்களே தீர்மானியுங்கள். கொல்லிமலைச் சாலையின் அத்தனை கொண்டை ஊசி வளைவுகளையும் நிமிர்த்திவிடலாம். 'ஆர்மோனியம்' என்று மலையே அழைக்கும் அந்த மனிதரின் ஒரு முடிவை நிமிர்த்த எவராலும் இயலாது.

அவருக்கு இயற்பெயர் ஒன்று இருக்கத்தான் வேண்டும். வாக்காளர் பட்டியலுக்கு வெளியே அது புழங்கி நான் கேட்டதில்லை. பலாவையும் மிளகையும் பிக்கப் வண்டியில் சந்தைக்கு இறக்குவது தொழில். அவ்வண்டியின் முன்னிருக்கையில் ஆர்மோனியப் பெட்டி சீட் பெல்ட் அணிந்து அமர்ந்திருக்கும். கல்லூரிப் பேச்சுப் போட்டியில் முதற்பரிசு வென்று ஊர் திரும்ப மலையேறிய நான், கையில் கோப்பையோடு, பின்னால் காலிச் சாக்குகளுக்கிடையே நின்றுகொண்டு வந்தேன்.

மலையில் ஊர்த்தொகுதியை நாடு என்போம்; எங்கள் தேவனூர் நாட்டில் அவர் ஒரு நாடகக் குழு நடத்துகிறார். உழவர், கொத்தனார், தையற்காரர் எனப் பகலெல்லாம் வேறு வேலை பார்ப்பவர்களே நடிகர்கள். ஆண்டுதோறும் ஒரே இசை நாடகம்: ஒரு மன்னன், அவன் அரியணைக்கு ஆசைப்படும் ஒரு சேனாதிபதி, முடிவில் மன்னனுக்கு வெற்றி. பாட்டெல்லாம் மலைக்கே மனப்பாடம். மன்னராக நடித்தவர் திருப்பூருக்கு வேலைக்குப் போய்விட, இவ்வாண்டு அந்த இடம் காலியாயிற்று.

ஆள் தேர்வு எப்படி நடந்தது தெரியுமா? மரவள்ளிக் காட்டின் இந்தக் கரையில் நின்று வசனம் பேச வேண்டும்; அந்தக் கரையில் கட்டியிருக்கும் நாய் குரைத்தால் தேர்ச்சி. பேராசிரியர் மூவர் எழுந்து நின்று கைதட்டிய குரலுக்கு ஒரு நாய் நடுவராக அமர்ந்தது. குரைத்தது என்பதை இங்கே பதிவு செய்கிறேன்.

மூலத்தில் மன்னனின் வெற்றியுரை இரண்டே வரி. அதை நான்கு பக்கமாக விரித்தெழுதினேன். கண்ணை மூடி முழுவதையும் கேட்ட ஆர்மோனியம், பாட்டு எப்போது வரும் என்று மட்டும் வினவினார்.

அரங்கேற்றத்திற்கு முதல்நாள், குழம்பில் உப்பில்லை என்பதுபோலச் சொன்னார்: "நாளைக்கு ஆலத்தூர் நாட்டுல நீங்க செத்துருவீங்க சாமி."

மன்னன் வெல்வதுதானே கதை என்றேன். அது தேவனூரில் என்றார். சேனாதிபதியாக நடிப்பவர் ஆலத்தூர் நாட்டுக்காரர், மிளகு பறிப்பவர். ஆதலால் அங்கே அவர் வெல்வார். அடுத்த ஞாயிறு இங்கே நான் வெல்வேன். மற்ற ஊர்களில் எப்போதும்போல் மன்னனுக்கே வெற்றி. சொந்த ஊரில், பெற்றவள் பார்க்க, ஒருவன் தோற்கக் கூடாதாம். எத்தனையோ ஆண்டாக இதுதான் சட்டமாம்.

"இது கலைக்குத் துரோகமுங்கண்ணா. உண்மைக்கு ஒரு முடிவுதான் இருக்க முடியும்."

அவர் பெட்டியின் தூசியைத் துடைத்தார். "ஏனுங் சாமி, காலேஜுல சீட்டுக் குலுக்கி, எந்தப் பக்கம் வருதோ அந்தப் பக்கந்தானுங்க நீங்க பேசுனது?"

இதற்குத் தக்க மறுமொழி உண்டு. இன்றுவரை அதைச் செப்பனிட்டுக்கொண்டிருக்கிறேன்.

மறுநாள், மாலையில் மஞ்சு இறங்கி மலையை மூடுமுன் முடித்துவிட வேண்டுமென்று, உச்சிவெயிலிலேயே நாடகம் தொடங்கியது. இறுதிப் போர். சேனாதிபதியின் வாள் என் கக்கத்தில் நுழைந்தது. விழ வேண்டிய நான் விழவில்லை. முன்னே வந்து வெற்றியுரையைத் தொடங்கினேன். ஆர்மோனியம் ஒப்பாரியை எடுத்தார். நான் குரலை உயர்த்தினேன். அவர் துருத்தியை வேகப்படுத்தினார். உயிரோடு நிற்கும் என்னைச் சுற்றி நான்கு பேர் மாரடித்து அழுதார்கள். செத்த ராசாவுக்கு இத்தனை தெம்பா என்று கூட்டத்தில் ஒருவர் ஐயம் எழுப்பினார்.

அப்போது சேனாதிபதி நெருங்கி வந்து என் காதோரம் சொன்னார்: "கண்ணு, உழுந்துருங்க. முன்னாடி நீலச் சேலை, எங்கம்மா. மத்த ஊருல தோக்கறத அவங்ககிட்ட நான் சொன்னதே இல்லீங்க."

பார்த்தேன். அந்த அம்மாள் மகனைப் பார்க்கவில்லை, என்னைத்தான் முறைத்துக்கொண்டிருந்தார். மடியில் கதம்ப மாலை ஒன்று காத்திருந்தது.

எதிரே அமர்ந்திருப்பவர் முகத்தைப் படிக்கத் தெரியாதவன் பேச்சாளனே அல்லன். விழுந்தேன்.

விழுந்தேனே தவிர ஓயவில்லை. 'வென்றோம்' என்றிருந்ததையெல்லாம் 'வெல்வீர்கள்' என்று மாற்றி, நான்கு பக்கத்தையும் படுத்தபடியே பேசினேன். ஆர்மோனியம் துருத்தியிலிருந்து கையை எடுத்தார். முகவாயில் கைவைத்துக் கடைசிச் சொல்வரை கேட்டார். கூட்டம் இன்னொரு முறை வேண்டுமென்று கேட்க, எழுந்து மீண்டும் ஒருமுறை சாக நேர்ந்தது. மகனுக்கு மாலையிட்ட அந்த அம்மாள், என் கன்னத்து மண்ணை முந்தானையால் துடைத்துவிட்டு, "நல்லாச் செத்தீங்க சாமி" என்றார். எந்த நடுவரும் எனக்கு அப்படியொரு தீர்ப்பு வழங்கியதில்லை.

சாமான்களை வண்டியில் ஏற்றும்போது ஆர்மோனியம் என் முகத்தைப் பார்க்காமலே, அடுத்த வருடத்துக்கு வேறு ராசா பார்த்துக்கொள்ளட்டுமா என்று கேட்டார். என் சினம் சிறிதும் தணிந்திருக்கவில்லை. கதையைத் திரித்த குற்றம், ஒப்பாரியால் உரையை மறித்த குற்றம், நாயை நடுவராக்கிய குற்றம் என ஒவ்வொன்றாக எடுத்துரைத்தேன். எல்லாவற்றுக்கும் அவர் "ஆமாங்க" என்றார். பிறகு குழு முழுவதும் கேட்க, மேடைக் குரலிலேயே சொன்னேன்:

"கதையக் கெடுத்தது கெடுத்ததுதானுங்கண்ணா. ஆனா நீங்க பொட்டி வாசிக்கிற வரைக்கும் ஆலத்தூர் நாட்டுல நான்தானுங்க சாவேன். வேற ஒருத்தனையும் சாக உடமாட்டேன்."