ஒரு சொட்டுப் பெட்ரோல் இல்லாமல்

"மணியை அடி ஐரீன்! விடாம அடி!" என்று மகளைப் பார்த்துக் கத்தினார் ஹென்றி.

திருவொற்றியூர் சாலையின் நட்ட நடுவில் நாலு ஆடுகள் படுத்திருந்தன. பெட்ரோல் மோட்டாராக இருந்தால் அரை மைலுக்கு முன்பே சத்தம் கேட்டு எழுந்து ஓடியிருக்கும். ஹென்றியுடையதோ மின்சார மோட்டார். சத்தம் கிடையாது, புகை கிடையாது, முன்னால் நின்று கைப்பிடியைச் சுற்றித் தோள்பட்டையைக் கழற்றிக்கொள்ளும் வேலை கிடையாது. இந்தப் பெருமைகளை ராயபுரத்தில் ஒருவர் விடாமல் அவர் சொல்லியாகிவிட்டது. ஆடுகளிடம் சொல்வதுதான் பாக்கி.

பின் சீட்டில் அவர் மனைவி சிலுவையம்மாள், நிச்சயதார்த்தத் தாம்பாளங்களை மடியில் அடுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"நான் அப்பவே சொன்னேன், ரயில்ல போலாம்னு. ராயபுரத்துல ஏறினா முக்கா மணியில எண்ணூரு. சம்பந்தியே அங்க ஸ்டேஷன் மாஸ்டரு. கையப் புடிச்சு எறக்குவாரு."

"எல்லாரும்தான் ரயில்ல போறாங்க."

"எல்லாரும் போய்ச் சேந்துடறாங்களே!"

ஹென்றி சுக்கான் மாதிரி நீட்டிக்கொண்டிருந்த கம்பியைத் திருப்பி ஆடுகளைச் சுற்றிக்கொண்டு போனார். வண்டி ஊர்ந்தது.

அன்றைக்குத் தாமதமாகக் கூடாது. மாப்பிள்ளை தேவப்பிரியம் பங்குனி மாதம் ரங்கூனுக்குக் கப்பலேறுகிறான். விபூதிப் புதன் வந்துவிட்டால் தவசுக்காலம், கோயிலில் கல்யாணம் கிடையாது. அதற்குள் மூன்று ஞாயிற்றுக்கிழமை பூசையில் கல்யாண அறிவிப்பு ஓலை வாசித்தாக வேண்டும். இன்றைக்கு அப்புறம் மிச்சமிருப்பதும் சரியாக மூன்றே ஞாயிறு. ஆகவே மாப்பிள்ளையின் அப்பா இன்னாசி ரயில்வே பாஷையில் சொல்லி அனுப்பியிருந்தார்: "இந்த ஞாயிறு பகல் பன்னிரண்டுக்குள் வந்தால் நிச்சயம். ஒரு நிமிஷம் லேட் ஆனாலும் மீஞ்சூர்ப் பெண் வீட்டுக்காரர்களுக்கு வார்த்தை கொடுத்துவிடுவேன்." பையனும் பெண்ணும் ஆறு மாதமாகப் பூசையில் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வது அவருக்கு முக்கியமில்லை. ஐரீனுக்கு முக்கியம். பாவம், காலையிலிருந்து அந்தப் பெண் தொண்டையில் ஒரு வாய் காப்பிகூட இறங்கவில்லை.

அப்படிப்பட்ட நாளில் இந்த வண்டியை ஏன் எடுத்தார் என்று கேட்கலாம். கேட்காதவர்கள் ராயபுரத்தில் யாருமில்லை.

ஹென்றி துறைமுகத்தில் ஒரு கப்பல் கம்பெனி குமாஸ்தா. அவருடைய டிக்சன் துரை வேலையை விட்டுச் சீமைக்குப் போகும்போது, "ஹென்றி, உனக்கு ஹெட் கிளார்க் வேலைக்குச் சிபாரிசுக் கடிதம் வேண்டுமா, என் மோட்டார் வேண்டுமா? ஏதாவது ஒன்றுதான்" என்றார். ஹென்றி யோசித்தார். துரை மேலும் சொன்னார்: "ஆறு வருஷமாக ஒவ்வொரு ஞாயிறும் மீன் பிடிக்க இதில்தான் எண்ணூர் போய் வருகிறேன். ஒரு சொட்டுப் பெட்ரோல் வாங்கியதில்லை. ஒரு நாள்கூடப் போய்ச் சேராமல் இருந்ததில்லை." துரை பொய் சொல்லமாட்டார். ஹென்றி மோட்டாரைக் கேட்டுவிட்டார். கடிதம் அடுத்த மேஜைக்காரனுக்குப் போயிற்று. அவன் இப்போது ஹெட் கிளார்க், ஹென்றியைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறான்.

வண்டியின் முன்பக்கம் அடியில் இரண்டு கனத்த இரும்பு வளையங்கள் இருந்தன. அவை எதற்கு என்று ஹென்றி அன்றே கேட்டார். "அழகுக்கு" என்றார் துரை.

"நைனா, மணிச் சத்தம் கொறஞ்சுகினே வருது" என்றாள் ஐரீன்.

மணியும் பேட்டரியிலிருந்துதான் தின்கிறது என்பது துரை சொல்லாமல் விட்ட சங்கதிகளில் ஒன்று. துறைமுகப் பட்டறையில் சனிக்கிழமை பகலெல்லாம் ஏற்றிய மின்சாரத்தில் பாதியை ஆடுகளுக்கும் மாடுகளுக்கும் மணி அடித்தே செலவழித்தாகிவிட்டது.

"பாரத்தைக் கொறைக்கணும்" என்றார் ஹென்றி, மனைவியைப் பார்க்காமல்.

"எந்தப் பாரத்தை?"

"கொஞ்ச தூரம் நடந்து வாயேன். தட்டுங்களயும் எடுத்துக்கோ."

சிலுவையம்மாள் இறங்கினாள். பாரம் குறைந்ததும் வண்டி பறக்கும் என்று ஹென்றி எதிர்பார்த்தார். சிலுவையம்மாள்தான் பறந்தாள். அவர் தேரடிக்கு வந்து சேர்ந்தபோது அவள் பூ பேரம் பேசி முடித்து, தட்டில் சுற்றி, நிழலில் நின்று விசிறிக்கொண்டிருந்தாள். அவளுக்கு எதிரில் வந்ததும் வண்டி நின்றது. அவளைப் பார்த்து மரியாதைக்கு நின்ற மாதிரிதான் இருந்தது. அப்புறம் அசையவே இல்லை.

கூட்டம் சேர்ந்துவிட்டது. "ரெண்டு பேர் வந்து தள்ளுங்கப்பா" என்று கெஞ்சினார் ஹென்றி.

நாலு பேர் முன்வந்தார்கள். மீன்கூடையோடு நின்ற கன்னியம்மா போட்டாளே ஒரு சத்தம்!

"டேய், கைய வெக்காதீங்கடா! கரண்டு வண்டி! டிராம் கம்பில காக்கா கருகிப்பூட்டுச்சே, பாக்கலியா?"

நாலு பேரும் பின்வாங்கினார்கள்.

"ஐயோ, இதுல கரண்டே இல்லம்மா! சுத்தமா தீந்துபோச்சு!"

"கரண்டு இல்லாத கரண்டு வண்டியா? அப்ப இதுல இன்னாதான் கீது?"

கரண்டு இல்லை என்றதும் நாலு பேருக்குத் தைரியம் வந்தது. பயம் போன உற்சாகத்தில் அவர்கள் தள்ளிய தள்ளில், வண்டி சாலையை விட்டு இறங்கி மணலில் அச்சுவரை புதைந்தது. மணி பத்து. சிலுவையம்மாள் ஜெபமாலையை எடுத்துவிட்டாள். ஐரீன் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழ ஆரம்பித்தாள். மகளின் அழுகையைக் கேட்டதும்தான் ஹென்றிக்கு, ஒரு மோட்டாருக்காக இவள் வாழ்க்கையைக் கெடுத்துவிட்டோமே என்று நெஞ்சில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது.

அப்போதுதான் இரண்டு வெள்ளைக் காளைகள் கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்தன. யாரும் ஓட்டவில்லை. தாமாக வந்து, வண்டிக்கு முன்னால் திரும்பி, முதுகைக் காட்டி நின்றன. பின்னாலேயே தோளில் கயிறோடு ஒரு நடுத்தர வயதுக்காரர் வந்தார்.

"சலாம் சார். என் பேரு ரஹீம். ஏறுங்க, போலாம்."

எங்கே என்று அவர் கேட்கவில்லை. என்ன கோளாறு என்றும் கேட்கவில்லை. கயிற்றின் நுனியில் இருந்த கொக்கிகளை அந்த 'அழகு' வளையங்களில் மாட்டினார். அளவெடுத்துச் செய்த மாதிரி பொருந்தின. காளைகள் ஒரே இழுப்பில் வண்டியை மணலிலிருந்து சாலைக்குக் கொண்டுவந்துவிட்டன.

"மாதா அனுப்பின ஆளு" என்றாள் சிலுவையம்மாள்.

ஓட்டக் காளைகள். கழுத்து மணி குலுங்கக் குலுங்கப் போயின. இந்த மணிக்குப் பேட்டரி தேவையில்லை, ஆடுகளும் மரியாதையாக எழுந்து வழிவிட்டன. பதினொன்றே முக்காலுக்கு எண்ணூர் ஸ்டேஷன் கண்ணில் பட்டது.

"நிறுத்துங்க!" என்றார் ஹென்றி. "மோட்டார்ல வரேன்னு சொல்லிட்டு மாட்டுல போய் எறங்கினா மானம் கப்பலேறிடும். மாட்டை அந்தச் சவுக்குத் தோப்புல மறைச்சு நிறுத்துங்க."

"ஒங்க இஷ்டம் சார்" என்றார் ரஹீம், ஆச்சரியமே படாமல்.

இவ்வளவு நேரம் சும்மா வந்ததில் பேட்டரிக்குக் கொஞ்சம் உயிர் திரும்பியிருந்தது. வண்டி சத்தமில்லாமல், புகையில்லாமல், ராஜா மாதிரி ஸ்டேஷன் வாசலில் போய் நின்றது. பெஞ்சில் மீஞ்சூர்க்காரர்கள் பழத்தட்டோடு உட்கார்ந்திருந்தார்கள். இன்னாசி கடிகாரத்தை எடுத்துப் பார்த்தார்.

"பத்து நிமிஷம் முன்னால. சபாஷ்!" என்றார். வண்டியைச் சுற்றி வந்தார். "இருபத்திரண்டு வருஷமா கரிப்புகை தின்னவன் நான். இது சுத்தமா கீதே! ஒரு ரவுண்டு போலாமா சம்பந்தி?"

சம்பந்தி! அந்த வார்த்தையைக் கேட்டபின் எந்தப் பெண்ணைப் பெற்றவன் மாட்டேன் என்பான்? இருவரும் ஏறினார்கள். வண்டி ஐம்பது கெஜம் அழகாகப் போயிற்று. கேட்டைத் தாண்டித் தண்டவாளத்தின் மேல் ஏறியது. அங்கே நின்றது.

"ஏன் நிறுத்திட்டீர்?"

"நான் நிறுத்தலீங்க."

தூரத்தில் பன்னிரண்டு மணி பாசஞ்சர் கூவியது.

இன்னாசி குதித்தார். "கொடி! செவப்புக் கொடி!" என்று ஸ்டேஷனைப் பார்த்து ஓடினார். இருபத்திரண்டு வருஷத்தில் அவர் ஸ்டேஷனில் ஒரு ரயில் ஒரு நிமிஷம் லேட் ஆனது கிடையாது. அவர் ஓடிய ஓட்டத்தைப் பார்த்து மீஞ்சூர்க்காரர்கள் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். ஐரீன் கண்ணை மூடிக்கொண்டாள். ஹென்றி வண்டியைத் தள்ளினார், உதைத்தார், கடைசியில் கும்பிட்டார்.

சவுக்குத் தோப்பிலிருந்து காளைகள் குதித்து ஓடிவந்தன. வண்டி நின்றதைப் பார்த்ததே போதும் அவற்றுக்கு. முன்னால் வந்து முதுகைக் காட்டி நின்றன. பின்னாலேயே ஓடிவந்த ரஹீம் கொக்கியை மாட்டி, ஹை என்றார். வண்டி தண்டவாளத்தை விட்டு இறங்கி, கேட்டும் மூடி, இன்னாசி கொடியைக் கண்டுபிடிப்பதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. பாசஞ்சர் சரியான நேரத்துக்கு வந்து நின்றது.

ரயிலை அனுப்பிவிட்டு இன்னாசி மெதுவாக நடந்து வந்தார். முகம் வியர்த்திருந்தது. காளைகளைப் பார்த்தார். ஹென்றியைப் பார்த்தார்.

"இந்த மாடுங்க?"

ஹென்றி நெஞ்சை நிமிர்த்தினார்.

"நான்தான் கூடவே வரச் சொன்னேன். ஒரு பந்தோபஸ்துக்கு."

இன்னாசி அவர் கையைப் பிடித்துக்கொண்டார். "உள்ளதைச் சொல்லிடறேன். மோட்டார் வெச்சிருக்கிற குமாஸ்தான்னு கேட்டதுமே ஆடம்பரப் பேர்வழின்னு நெனச்சேன். மீஞ்சூருக்குத்தான் மனசு சாஞ்சிருந்தது. ஆனா மிஷினை நம்பாம மாட்டையும் கூட்டியாந்தீர் பாரும், அதுதான்யா ரயில்வே புத்தி! பொண்ணு எங்க வூட்டுக்குத்தான். நாளைக்கே ஓலைக்குப் பேர் கொடுத்துடலாம்."

மீஞ்சூர்க்காரர்கள் பழத்தட்டை எடுத்துக்கொண்டு அடுத்த ரயிலைப் பற்றி விசாரித்தார்கள். ஐரீன் அழுதுகொண்டே சிரித்தாள். சிலுவையம்மாள் மட்டும் புருஷனை ஒரு பார்வை பார்த்தாள். ஹென்றி அதைக் கவனிக்கவில்லை. கடிதத்தை விட்டுவிட்டு மோட்டாரை வாங்கிய தம் மூளையை மெச்சிக்கொண்டிருந்தார். துரை ஆறு வருஷம் சும்மாவா ஓட்டினார்!

சம்பந்தி வீட்டு விருந்து முடிந்து, திரும்பும் வழிக்குக் காளைகளைப் பூட்டும்போது, ஹென்றி பெரிய மனதோடு ரஹீமின் தோளைத் தட்டினார். "நல்ல வேளைக்கு அந்தப் பக்கம் வந்தீங்க."

ரஹீம் கொக்கியைச் சரிபார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

"நான் எங்க சார் வந்தேன்? ஆறு வருசமா ஞாயித்துக்கெழம பத்து மணிக்கு, துரைக்கு அங்கதான மாடு பூட்டுவேன். இனிமே ஹென்றி சாருக்கும் நில்லுன்னு சொல்லிட்டுத்தான கப்பலேறினாரு?"