செட்டியார் காரில் ஒரு சத்தம்

சவரியப்பனுக்கு அந்தச் சத்தம் கேட்கவே இல்லை.

"இப்பக் கேட்டுச்சா?" என்றார் முத்துராமன் செட்டியார், ஸ்டியரிங்கைப் பிடித்தபடி. "கிளட்ச விடுறப்ப பின்னாடி டக்குனு ஒன்னு."

சவரியப்பன் பக்கத்துச் சீட்டில் மூச்சை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். எஞ்சின் சத்தம் கேட்டது. திருமயம் ரோட்டில் போன மாட்டுவண்டியின் சத்தம் கேட்டது. டக்கு மட்டும் கேட்கவில்லை. வேறு யாராவது சொல்லியிருந்தால் முகத்துக்கு நேராக மறுத்திருப்பான். சொன்னது செட்டியாராயிற்றே. மூன்று வருஷத்துக்கு முன் பஸ் கம்பெனி அவனை வீட்டுக்கு அனுப்பியபோது, புதுக்கோட்டையில் தம் மனையில் தகரக் கொட்டகை போட்டுக் கொடுத்து, "இங்கிட்டு ஒக்காந்து தொழிலப் பாரு" என்ற மனுஷர். சவரியப்பன் வீட்டில் அடுப்பு எரிவது அவரால். அவர் காதில் விழுந்தது தன் காதில் விழவில்லை என்று எந்த வாயால் சொல்வது?

"நல்லாவே கேக்குதுங்கய்யா" என்றான். வினை அங்கேதான் ஆரம்பித்தது.

அது பினாங்கிலிருந்து கப்பலில் வந்த பந்தயக் கார். பச்சை நிறம், கூரை கிடையாது, இரண்டே சீட்டு. எஞ்சின் முன்னால் இருக்கும், உருட்டுவதோ பின்சக்கரம். நடுவே வண்டிக்கு அடியில் ஒரு நீளத் தண்டு சுழன்று எஞ்சினின் பலத்தைப் பின்னால் கொண்டுபோகும். கிளட்ச் விடும்போது டக்கென்றால் அந்தத் தண்டு முனையிலுள்ள ஜாயிண்ட் தேய்ந்திருக்க வேண்டும் என்று சவரியப்பன் முடிவு கட்டினான். கேட்காத சத்தத்துக்குக் காரணம் கண்டுபிடித்த மெக்கானிக் உலகத்திலேயே அவன் ஒருத்தன்தான். கழற்றிப் பார்த்தால் ஜாயிண்ட் புதுசு போல இருந்தது. இருந்தாலும் மாற்றினான். தண்டைத் திரும்ப மாட்டி ஓட்டியபோது, அதுவரை ஒழுங்காக ஓடிய கார் குளிர்ஜுரம் கண்டதுபோல் உடம்பு முழுக்க நடுங்கியது.

தலையைக் குனிந்துகொண்டு செட்டியாரிடம் சொன்னான். திட்டுவார் என்று பார்த்தால், அவர் முகம் மலர்ந்துவிட்டது.

"அவசரமே இல்ல சவரியப்பா. வண்டி இங்கனயே கெடக்கட்டும்."

மறுநாள் அவர் வீட்டில் வேலை பார்க்கும் காத்தாயி பஸ் ஏறி வந்து, ஒரு தூக்கு நிறையப் பணியாரம் கொடுத்துவிட்டுப் போனாள்.

பணியாரம் சவரியப்பனுக்குத் தொண்டையில் இறங்கவில்லை. நடுக்கம் பின்அச்சிலிருந்து வருகிறது என்று நினைத்து, அதன் நடுவிலிருந்த கிரவுன் பல்சக்கரத்தைப் பிரித்து, பல்லோடு பல்லை இறுக்கி வைத்தான். நடுக்கம் போகவில்லை. துணைக்கு ஓர் ஊளைச் சத்தமும் வந்து சேர்ந்தது. செட்டியார் அதைக் கண்ணை மூடிக் கேட்டார். தம் அப்பாவின் அண்ணன், பெரியப்பச்சி சொக்கலிங்கம் செட்டியாரையும் கூட்டிவந்து கேட்க வைத்தார். பெரியவர் உச்சுக் கொட்டிவிட்டுப் போனார். சாயங்காலம் சவரியப்பனுக்குப் புது வேட்டி வந்தது.

ஊளையை அடக்க, பின்அச்சுக்குள் எண்ணெயைத் தாராளமாக ஊற்றினான். எண்ணெய் வழிந்து பிரேக்கில் ஏறியது. இப்போது கார் நடுங்கியது, ஊளையிட்டது, நிற்கவும் மறுத்தது. செட்டியார் அவன் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, "ஒன்ன மாதிரி ஒருத்தன் கெடைக்க நான் குடுத்து வச்சிருக்கணும்" என்றார். கீரமங்கலத்துப் பலாப்பழம் ஒன்று வந்தது.

சவரியப்பன் வீட்டுக்குப் போய் அழுதேவிட்டான். வண்டியைப் பாழாக்கியவனுக்குப் பலாப்பழம் கொடுக்கிற மனசு யாருக்கு வரும்? ஆனி முடிவதற்குள் சரிசெய்யாவிட்டால், கொட்டகைச் சாவியை ஐயா கையில் கொடுத்துவிட்டுக் கொழும்புக்குப் போய்விடுவதாகப் பெண்டாட்டி செவந்தியிடம் சொன்னான். அவள் பிள்ளைகளைப் பார்த்தாள்.

அதற்குப் பிறகு அவன் காருக்கு அடியிலேயே குடியிருந்தான். மூன்றாம் நாள் கண்ணில் பட்டது. தண்டின் ஒரு முனையில் ஜாயிண்டைப் பிடித்திருந்த கவை நிமிர்ந்து நின்றது. மறுமுனைக் கவை படுத்துக் கிடந்தது. இரண்டும் ஒரே வாக்கில் இருக்க வேண்டும். ஜாயிண்ட் மாற்றிய அன்று அவனே மாற்றி மாட்டிய புண்ணியம். தண்டைத் திருப்பி மாட்டினான். பல்சக்கரத்தைக் கொஞ்சம் தளர்த்தினான். அதிக எண்ணெயை வடித்து, பிரேக்கைத் துடைத்தான். ஓட்டிப் பார்த்தான்.

நடுக்கம் இல்லை, ஊளை இல்லை. அவனுக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. சவேரியாருக்கு மெழுகுவத்தி ஏற்றிவிட்டு, வண்டியை நேரே திருமயத்துக்குப் பக்கத்திலிருந்த செட்டியார் வீட்டுக்கு விட்டான்.

வீட்டு முன்கட்டில் பெரியப்பச்சியோடு பங்காளிகள் நாலைந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள். நல்லதாகப் போயிற்று, எல்லோரும் கேட்கட்டும் என்று சவரியப்பன் குரலை உயர்த்தினான்.

"சரியாயிருச்சுங்கய்யா. இனிப் பத்து வருசத்துக்கு ஒரு சத்தம் வராது. நானாச்சு."

பெரியப்பச்சி எழுந்து வந்து காரை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார், பங்காளிகளைப் பார்த்துத் தலையாட்டினார். முத்துராமன் செட்டியார் தூணைப் பிடித்துக்கொண்டார். பிறகு உள்ளே போய்விட்டார்.

சவரியப்பனுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. கொல்லைப்புறமாகப் போய், மோர் கொண்டுவந்த காத்தாயியிடம், தான் செய்த தப்பு என்ன என்று கேட்டான்.

"ஒங்க மேல என்னண்ணே கோவம்? ரெண்டு மாசமா ஒங்க பேரச் சொல்லித்தான் வெளக்கே ஏத்துறாக" என்றவள், குரலைத் தாழ்த்தினாள். "கொட்டுமேளத்துக்குப் பின்னாடி நடை வேகத்துல ஊர்ந்தா கிளச்சு கருகிப் போயிருமாமுல்ல. பங்காளி வீட்டுக் கல்யாணத்துக்குக் காரு கேட்டா இல்லேங்க முடியுமா? இல்லாத சத்தத்தச் சொல்லியே வைகாசியிலேருந்து பதினோரு மாப்பிள்ளை அழைப்பத் தட்டிக் கழிச்சாக. ஆடி பொறக்க இன்னும் நாலே நாளுதாண்ணே இருந்துச்சு."