போட்டோவின் முழங்கால்

அரையிறுதி ஆட்டத்துக்கு முன்னால் உடம்பைச் சூடேற்றிக்கொண்டிருந்தபோது, போட்டோ முழங்காலைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டான். மற்ற பத்துப் பேரும் சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். துக்கம் தாங்கவில்லை போலிருக்கிறது என்று கிளப் சேர்மன் நினைத்தார். அவர் நின்ற இடத்திலிருந்து அவர்களின் பற்கள் தெரியவில்லை.

போட்டோ என்பது பட்டப்பெயர். அணியின் இளம் முன்கள வீரன். பந்து வரும்போது தலைமுடியைக் கோதிக்கொள்வான். பந்து போன பிறகு மறுபடியும் கோதிக்கொள்வான். அந்த சீசனில் அவன் அடித்த ஒரே கோல் சொந்த வலைக்குள் போனது. இருந்தாலும் ஒரு ஆட்டத்தில்கூட அவனை வெளியே உட்கார வைக்க முடியாது. அவனுக்கு ஒரு அக்கா இருந்தாள். அந்த அக்கா, சேர்மனின் மனைவி.

மழையின் தயவிலும் எதிரணிகளின் இரக்கத்திலும் அரையிறுதிவரை தவழ்ந்து வந்திருந்த அணி, அன்று போட்டோ இல்லாமல் இறங்கி நாலு கோல் போட்டது. கிளப்புக்கு அதுதான் முதல் இறுதி ஆட்டம்.

கோச் வாழ்க்கையில் முதல் தடவையாகச் சீட்டியடித்துக்கொண்டே சேர்மன் அறைக்குள் போனார்.

"உட்காருங்க. கோப்பை வந்தா உங்களுக்கு இன்னும் ரெண்டு வருஷம். வரலைன்னா, போறப்போ கேட்டைச் சாத்திட்டுப் போங்க."

"வந்துடும் சார். இந்த டீமே போதும்."

"எந்த டீம்? என் மச்சான் இல்லாத டீமா? தம்பி பெஞ்ச்ல உட்கார்ந்தா என் சம்சாரம் என்னை வாசப்படி ஏற விடுவாளா? ஞாயித்துக்கிழமைக்குள்ள அந்த முட்டியைச் சரி பண்ணுங்க."

கோச்சின் சீட்டி அங்கேயே நின்றது. சேர்மன் கண்ணெதிரில் முழங்கால் குணமாக வேண்டும். அவர் அந்தப் பக்கம் திரும்பியதும் குணமாகக் கூடாது. சம்பளம் என்னவோ ஒரு வேலைக்குத்தான்.

முதலில் பிசியோவிடம் போனார். பொய் சொல்ல வராத பெண்மணி. போட்டோவின் காலை மடக்கினார், நீட்டினார், அழுத்தினார்.

"ஒண்ணும் தெரியல சார்."

"நல்லாப் பாருங்கம்மா. உள்ளே ஏதாவது கிழிஞ்சிருக்கும்."

"கிழியல."

"விலகியாவது இருக்குமே?"

"விலகல."

"ஒரு சின்ன வீக்கம்கூடவா இல்ல?"

"சார், நீங்க முட்டியைப் பத்திக் கேக்கறீங்களா, உங்க ஆசையைச் சொல்றீங்களா?"

"ஆனா வலிக்குதே," என்று கட்டிலிலிருந்து போட்டோ முனகினான்.

"வலிக்குதுன்னா ரெஸ்ட் எடு. ஞாயித்துக்கிழமைக்குள்ள ஓடலாம்," என்று சொல்லிவிட்டு பிசியோ கையைக் கழுவப் போனார்.

ஓய்வு எடுத்தால் சரியாகிவிடும். ஆகவே ஓய்வு எடுக்கவிடக் கூடாது. அன்றே போட்டோவின் படுக்கை விடுதியின் மூன்றாவது மாடிக்குப் போனது. லிஃப்ட் கிடையாது.

"அங்கே காத்து நல்லா வரும்," என்றார் கோச் பாசத்தோடு.

அணித் தோழர்களுக்கு விளக்கம் தேவைப்படவில்லை. "தம்பி, என் சார்ஜர் மேலே இருக்கு, கொண்டு வந்துடேன்," என்றான் கேப்டன். கோல்கீப்பர் ஒரு க்ளவுஸைக் கேட்டனுப்பினான். அது வந்து சேர்ந்ததும் இன்னொன்றைக் கேட்டனுப்பினான். இவ்வளவு பேர் தன்னை நம்பி வேலை சொல்வது போட்டோவுக்குப் புதிது. முகம் சுளிக்காமல் நொண்டி நொண்டி ஏறினான், நொண்டி நொண்டி இறங்கினான்.

மறுநாள் கேப்டன் கிசுகிசுத்தான். "கோச், நேத்து இடது கால்ல நொண்டினான். இன்னைக்கு வலது கால்ல நொண்டுறான்."

"பரவிடுச்சு," என்றார் கோச். அவர் கண்கள் பனித்தன.

வெள்ளிக்கிழமை சேர்மன் விடுதிக்கு வந்தார். அவர் வாசலில் கால் வைத்த நேரம் பார்த்து, யாரோ மறந்து வைத்த ஷூவோடு போட்டோ இரண்டிரண்டு படியாகத் தாவி இறங்கினான். மாமாவைப் பார்த்ததும் கடைசிப் படியில் நொண்டினான். ரொம்பத் தாமதம்.

"அடேங்கப்பா," என்று சேர்மன் கோச்சைக் கட்டிக்கொண்டார். "உங்களை என்னமோன்னு நெனச்சேன். நாலு நாள் முன்னாடி நடக்க முடியாதவனைப் பறக்க விட்டுட்டீங்களே."

"இல்ல மாமா, வலிக்குது," என்றான் போட்டோ.

"அது வலி இல்லடா, பயம். கோச், இவனே தன் வாயால ஆடுறேன்னு சொல்லணும். நான் கட்டாயப்படுத்தினேன்னு இவங்க அக்கா நாளைக்கு என்னைக் கேக்கக் கூடாது. பேசி முடிங்க."

கோச்சுக்கு உயிர் வந்தது. இவன் வாயால் ஆடமாட்டேன் என்று வந்துவிட்டால் போதும். மூன்றாவது மாடிக்கு ஏறினார். மூச்சு வாங்கியது. கட்டில் ஓரம் உட்கார்ந்து, குரலைத் தாழ்த்தி, இல்லாத ஒரு சிநேகிதனை உருவாக்கினார்.

"உன்னை மாதிரியே முட்டி வலி. டாக்டர் வேணாம்னார், அம்மா வேணாம்னாங்க. கேக்கல. ஃபைனல்ல இறங்கிட்டான்."

"அப்புறம்?"

"முட்டி போச்சு."

"ஆட்டம்?"

கோச் கதையைப் பாதியில் விட்டுப் பழகாதவர். "கடைசி நிமிஷம். எழுந்து நிக்கவே முடியல. ஒத்தைக் கால்ல ஒரே ஒரு ஷாட். கோல். கோப்பை. அவனைத் தோள்ல தூக்கிட்டுத் தெருத்தெருவாப் போனாங்க."

சொல்லி முடித்த பிறகுதான் எதைச் சொன்னோம் என்பது அவருக்கு உறைத்தது. போட்டோவின் கண்ணிலிருந்து பொலபொலவென்று நீர் கொட்டிக்கொண்டிருந்தது.

"ஆனா பாருப்பா," என்று கோச் பதறினார், "இன்னைக்கு அவனால ஒரு மாடிப்படி ஏற முடியல."

"மாடிப்படி எனக்குப் பழகிடுச்சு சார்." போட்டோ எழுந்து நின்றான். "நான் ஆடுறேன். இனிமே யார் என்ன சொன்னாலும் படுக்க மாட்டேன்."

ஞாயிற்றுக்கிழமை போட்டோ இரண்டு முழங்காலிலும் கட்டுப் போட்டுக்கொண்டு, முடியைச் சீவிக்கொண்டு இறங்கினான். படிக்கட்டு அவனுக்குக் கொடுத்த கால் வலிமை முழுவதையும் பயன்படுத்தி மைதானம் பூராவும் ஓடினான். இதுவரை ஒரே இடத்தில் நின்று கெடுத்தவன், இப்போது எல்லா இடத்திலும் கெடுத்தான். எதிரணி ஒரு கோல் போட்டது. கடைசி நிமிடத்தில் கேப்டன் அடித்த பந்து நேராகக் கோலை நோக்கிப் பறந்தது. எதிரணி கோல்கீப்பர் விழுந்து கிடந்தான். குறுக்கே யாரும் இல்லை, போட்டோவைத் தவிர. பந்து அவன் இடது முழங்காலில் பட்டு வெளியே போனது.

கடைசி விசில் ஒலித்தது. அந்த வாரத்தில் முதல் முறையாகப் போட்டோ உண்மையாகவே நொண்டினான்.

சேர்மன் கோச்சைப் பார்க்கவில்லை. கேட்டை மட்டும் பார்த்தார். கோச் புரிந்துகொண்டு பையைத் தோளில் போட்டார். கேலரியிலிருந்து விடுவிடுவென்று இறங்கி வந்த சேர்மனின் மனைவி அவரை வழிமறித்தாள்.

"மன்னிச்சுடுங்கம்மா," என்றார் கோச் தலைகுனிந்து. "வலியோட தம்பியை ஆட விட்டது தப்புதான்."

"வலியா? இந்த ஒரு வருஷமாவது கோப்பையைப் பார்ப்போமேன்னு, முட்டி வலின்னு சொல்லிப் படுத்துக்கோடான்னு அவனைப் படுக்க வெச்சதே நான்தான். ஒழுங்காப் படுத்துக் கிடந்த பையன்கிட்ட எந்தப் புண்ணியவான் போய்ப் பேசி எழுப்பிவிட்டது?"