நாற்பதில் நின்ற முள்

"முள்ளு இறங்கவே மாட்டேங்குது," என்றார் முதலாளி தௌனோ.

ஹில்லாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவளுக்கென்ன கண் தெரியாதா? உறைந்த இனாரி ஏரியின் மேல் காரில் வட்டம் அடித்து அடித்துத் தலை சுற்றியதுதான் மிச்சம். பேட்டரி முள் நாற்பதைத் தொட்டதும் அவள் உருவாக்கிய டீசல் எஞ்சின் தானாக எழுந்து மின்சாரம் தர வேண்டும். முள் நாற்பதுக்கு வந்தது. அங்கேயே உட்கார்ந்துவிட்டது.

இன்று டீசல் எழவில்லை என்றால் திட்டத்துக்கு மூடுவிழா. மரலாரி ஓட்டியவரின் மகள், குடும்பத்தில் முதல் எஞ்சினியர். "பொண்ணுக்கு எதுக்கு எஞ்சின் படிப்பு?" என்று கேட்ட சித்தப்பாக்களுக்கு நாளை தீபாவளிதான்.

"சத்தமே வராது, எஞ்சின் எழுந்ததே தெரியாதுன்னு பெருமையடிச்சியே. நெசமாவே தெரியலையே, தாயி!"

"நக்கலா? பேட்டரி இன்னும் கொஞ்சம் தீரணும், அவ்வளவுதான். ஹீட்டரை முழுசா வைங்க!"

வைத்தார். விசிறி காதைக் கிழித்தது. முள் அசையவில்லை.

"சீட்டுச் சூடு?"

"போடுங்க! வண்டியையும் நிறுத்திடுறேன். உருள விட்டா பிரேக்ல மின்சாரம் பேட்டரிக்கே திரும்பிடும்."

விளக்குகள், துடைப்பான்கள், பாட்டு. ஏதோ அக்கார்டியன் அலறியது. வெளியே குளிர் கல்லைப் பிளந்தது. உள்ளே தௌனோ கோட்டைக் கழற்றினார், ஸ்வெட்டரைக் கழற்றினார், கடைசியில் பனியனோடு சிவந்த இறாலாக உட்கார்ந்திருந்தார். முன்பலகை முழுக்க அவருடைய கையுறை, தொப்பி, காலுறை காய்ந்துகொண்டிருந்தன. பேட்டரி முள் மட்டும் இடுக்கில் எட்டிப் பார்த்தது. அதே நாற்பது.

"அடேயப்பா, நல்ல சவுனா, வேர்வைக் குளியல்!" தௌனோ தொடையில் தட்டினார். "எஞ்சினை விடு, இதையே விப்போம்!"

"சிரிக்காதீங்க! இது என் மூணு வருஷ உழைப்பு!" ஹில்லா ஸ்டீயரிங்கைக் குத்தினாள். ஹாரன் வேறு அலறியது. தூரத்தில் பனியில் துளை போட்டுத் தூண்டிலோடு குந்தியிருந்த ஆள் துள்ளி விழுந்தான்.

"போதும்மா. ஓடாத எஞ்சினுக்கு நான் காசு போட முடியாது."

ஹில்லாவுக்குக் கண்ணில் நீர் முட்டியது. வியர்வை என்று சொல்லித் துடைத்துக்கொண்டாள். தௌனோ கையுறைக்காகக் கை நீட்டினார்.

கண்ணாடியில் தட்டும் சத்தம். அந்தத் தூண்டில்காரன். வந்ததிலிருந்து கையசைத்தும் திரும்பிப் பார்க்காத ஆள். அந்த ஊரில் முன்பின் தெரியாதவரிடம் ஒருவன் தானாக வந்து பேசுகிறான் என்றால் பொறுமை அடியோடு போய்விட்டது என்று பொருள்.

ஹில்லா விசிறியையும் பாட்டையும் அணைத்துக் கண்ணாடியை இறக்கினாள்.

"கோவிச்சுக்காதீங்க," என்றான் அவன், பூட்ஸைப் பார்த்தபடி. "அப்ப புடிச்சு அந்த டீசல் எஞ்சினை ஓட விட்டுட்டே இருக்கீங்க, கொஞ்சம் அணைச்சீங்கன்னா ஒரு மீனாவது கிட்ட வரும்."